இடது பக்கத்துப் பந்து

ஜனவரி 8, ஞாயிறு

புது ஸ்ட்ரைக்கர் வந்துவிட்டான். பெயர் சகாய ரெஜின். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். வயது இருபத்து நாலு. எல்லாம் யூசுப் பாய் கொண்டுவந்த தகவல். எங்கள் எருக்கஞ்சேரி ஸ்போர்ட்டிங்குக்கு ஜெர்சி நம்பர் தைத்துக் கொடுப்பவர் அவர்தான். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது செயலாளருக்கே அவர் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாம் டிவிஷனில் பதினோரு டீம், ஆளுக்குப் பத்து ஆட்டம். போன வருஷம் பத்து ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டு ஒன்பதாவது இடத்தில் தப்பித்தோம். கடைசி இரண்டு டீமை மூன்றாம் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள்.

"கேரளாவுல பெரிய கிளப்புல ரெண்டு வருஷம் ஆடியிருக்கான்" என்றார் பாய்.

"நல்லா ஆடுறவன எவன் பாய் வுடுவான்? இன்னாவோ கோளாறு கீது" என்றார் குபேந்திரன். ஆட்டோ ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் சவாரி எடுக்க மாட்டார்.

ஆட்டம் பூஜ்யம் பூஜ்யம். அறுபதாவது நிமிஷம் இடது பக்கத்திலிருந்து தரையோடு ஒரு பந்து வந்தது. முன்னால் கோல் காலியாகக் கிடக்கிறது. ரெஜின் காலை நீட்டவே இல்லை. பந்து அவனைத் தாண்டிப் போய்விட்டது. குபேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவன் மூன்று முறை டிஃபெண்டரை ஏமாற்றிவிட்டுத் தனியாக நின்றதை நான் சொன்னேன். "அவனுக்கு இடம் தெரியுது. பத்து கோல் போடுவான் பாருங்க."

"சிஸ்டர், நீங்க கண்ணாடிக்குப் பவர் பாக்குற வேலையப் பாருங்க. அவன் பத்து கோல் போட்டா நான் பாதி மீசைய எடுத்துட்றேன்."

நான் நர்ஸ் இல்லை, கண் ஆஸ்பத்திரியில் பவர் பரிசோதிக்கிறவள் என்று பத்து தடவை சொல்லியாயிற்று. சிஸ்டர்தான். பதினொரு வருஷமாக மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து இந்த கிரவுண்டைப் பார்க்கிறேன். நாலு வருஷமாகக் கீழே இறங்கி வந்து பார்க்கிறேன். அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 9, திங்கள்

பவர் பாக்குற வேலையாம்!

ஜனவரி 22, ஞாயிறு

பொங்கல் முடிந்து முதல் ஆட்டம். இரண்டு கோல்! இரண்டும் ஹெட்டர், இரண்டும் வலது பக்கத்திலிருந்து வந்த பந்து. எழும்பி நிற்கும்போது அவன் கொஞ்ச நேரம் மேலேயே தங்கிவிடுகிற மாதிரி இருக்கிறது. 2-1 ஜெயித்தோம். நான் குபேந்திரன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருந்ததை அவர் கவனித்தார்.

வீட்டுக்கு வந்து தோசைக்கு அரைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜனவரி 29, ஞாயிறு

0-2. தோல்வி. இடது பக்கத்துப் பந்துகள் இரண்டு, இரண்டையும் விட்டான்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அவனே வந்தான். மெலிந்த முகம். கூச்ச சுபாவம். கடைக்காரர் அவனுக்கு இடது கைப் பக்கம் பெஞ்சில் கிளாஸை வைத்தார். வைத்ததை அவன் பார்க்கவில்லை. கை தட்டி டீ முழுக்க யூசுப் பாய் வேட்டியில். பாவம், பத்து தடவை மன்னிப்புக் கேட்டான். துடைக்கும்போது தலையை முழுக்க இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணை மட்டும் ஓட்டினால் போதும். தலையைத் திருப்பினான்.

தோற்ற பதற்றமாக இருக்கும்.

பிப்ரவரி 1, புதன்

இன்று அறுபத்தெட்டு பேர். கூட்டம் தாங்கவில்லை. பூப்பந்து கண்ணில் பட்ட எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். எழுத்தெல்லாம் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். "பார்வை நல்லா இருக்கும்மா, ஓரத்துல மட்டும் ஒரு கருப்பு" என்றார். ரெட்டினா ஓரத்தில் கிழிந்து உரிய ஆரம்பித்திருக்கிறது. நடுவுக்கு வரும்வரை எழுத்து தெரியும், வந்துவிட்டால் போச்சு. டாக்டர் சுகந்தி அன்றைக்கே அட்மிஷன் போட்டார்.

சாயங்காலம் திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

3-2! ரெஜின் இரண்டு. மொத்தம் நாலு. குபேந்திரன் "பரவால்ல, ஒத்துக்கிறேன்" என்றார். அவர் வாயிலிருந்து இது வந்தது என்று தேதியோடு எழுதி வைக்கிறேன்.

ரெஜினிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். எல்லோரும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது?

பிப்ரவரி 12, ஞாயிறு

1-1. கோல் அவனுடையது. கேட்கவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு பிராக்டிஸ் முடித்து கோல்போஸ்ட் பக்கம் ஷூ கழற்றிக்கொண்டிருந்தான். கீழே இறங்கிப் போனேன். "வலது கண்ண மூடு. என் மூக்கப் பாரு" என்றேன். என் விரலை அவன் இடது பக்கம் கீழேயிருந்து மெதுவாகக் கொண்டு வந்தேன். தெரிந்தால் சொல்லச் சொன்னேன். விரல் ஏறக்குறைய அவன் தாடை வரை வந்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அழுதான்.

கேரளாவில் ஒரு ஆட்டத்தில் முழங்கை கண்ணில் பட்டதாம். ஜூன் மாதம். இரண்டு நாள் மின்னல் மின்னலாகத் தெரிந்து நின்றுவிட்டது. பிறகு ஓரத்தில் நிழல். அங்கே ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆடக்கூடாது என்றாராம். கிளப்பில் சொல்லாமல் மறைத்துவிட்டான். ஆட்டம் சரியில்லை என்று அவர்களே அனுப்பிவிட்டார்கள்.

"ஏப்ரல் முதல் வாரம் ஒரு ஆபீசுல விளையாட்டுக் கோட்டா செலக்‌ஷன் இருக்குக்கா. லீக்ல எத்தன கோலுன்னு பாப்பாங்க. வேலை கிடைச்சா அடுத்த நாளே ஆபரேஷன் பண்ணிக்கிடுதேன். அது வரைக்கும் விட்டுடுங்க."

"அங்க மெடிக்கல்ல கண்ணு பாப்பாங்க."

"எழுத்து தானக்கா படிக்கச் சொல்லுவாங்க? எனக்கு எல்லாம் தெரியுது. நீங்க வேணும்னா பாருங்க."

மாலை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான், கடைசி வரி வரை படித்தான். இன்னும் நடுவுக்கு வரவில்லை. டாக்டரைப் பார் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டான். அவன் அப்பா கடலுக்குப் போவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறதாம், மூச்சுத் தொந்தரவு. தங்கைகள் இரண்டு பேர்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன்னால் என் எதிரில் வலது கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். ஒரு கோடு நெளிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மெதுவாக உரிகிற வகை இது. எட்டு மாதமாக ஓரத்திலேயே நிற்கிறது. இன்னும் ஆறேழு வாரம் நிற்காதா?

நியாயமான ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

கோடுகள் நேராக இருக்கின்றன. ரெஜின் இரண்டு கோல். மொத்தம் ஏழு. நான் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால் குடித்தேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கோடுகள் நேர். எட்டாவது கோல். ஆனாலும் 2-3 தோல்வி. இவன் ஒன்று போட்டால் எங்கள் டிஃபென்ஸ் இரண்டு வாங்குகிறது. எட்டாவது இடம்.

இப்போது விவாதம் தலைகீழாகிவிட்டது. குபேந்திரன் பழைய போர்வையில் சிவப்பு பெயின்ட்டால் "ரெஜின் – எங்க வீட்டுப் புள்ள" என்று எழுதிக் கம்பியில் கட்டியிருக்கிறார். எதிர் டீம்காரன் ஒருவன் ரெஜினைத் திட்டியதற்குச் சண்டைக்குப் போனார். யூசுப் பாய்தான் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் சரி. இடது பக்கம் தரையோட வர்ற பந்துன்னா இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆகுது. கவனிச்சியாம்மா?"

"அவன் வலது கால் ஆட்டக்காரன், பாய்" என்றேன்.

"கால் இல்லம்மா. அவன் பந்தையே பாக்க மாட்டேங்கிறான்."

"நேத்து முளைச்சவங்கல்லாம் குறை கண்டுபுடிக்கிறாங்கப்பா" என்று குபேந்திரன் கத்தினார். யூசுப் பாய் நாற்பது வருஷமாக ஆட்டம் பார்க்கிறவர். நான் பேச்சை டிஃபென்ஸ் பக்கம் திருப்பினேன்.

மார்ச் 5, ஞாயிறு

0-1. ஒன்பதாவது இடத்துக்கு இறங்கிவிட்டோம். ஆட்டத்துக்கு முன்னால் ஒரே கூட்டம். யாரோ அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்தே கட்டை விரலைக் காட்டினான். தாள் பார்க்கவில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது. மூட்டில் கசிகிறது. மாற்றச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8, புதன்

டாக்டர் சுகந்தியிடம் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "மேடம், அடிபட்டு ரெட்டினா ஓரத்துல உரிஞ்சு, எழுத்தெல்லாம் நல்லா தெரியுதுன்னா எத்தன நாள் தாங்கும்?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாருக்கு வத்சலா?"

"ஊர்ல சொந்தக்காரப் பையன்."

"இன்னிக்கே பஸ் ஏறச் சொல்லுங்க. நடுவுல வந்துட்டா நான் ஆபரேஷன் பண்ணாலும் பழைய பார்வை வராது. பந்து கிந்து ஆடுறானா?"

"தெரியல மேடம்" என்றேன்.

மார்ச் 12, ஞாயிறு

ஒன்பதாவது கோல். 1-1. பத்தாவது இடத்து டீமைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம், அதே டீமோடு. டிரா செய்தால் போதும். குபேந்திரன் மீசையைத் தடவி, "இதுக்கு இன்னும் ஒரு வாரந்தான் ஆயுசு" என்று எல்லோரிடமும் காட்டினார்.

இதை எழுதுவதற்கு முன்னால் அதை எழுதியிருக்க வேண்டும். எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முன்னால் கிளப் ஷெட்டுக்குப் பின்னால் வைத்து ரெஜினுக்கு வேறு தாள் ஒன்று கொடுத்தேன். அதில் ஒரு கோட்டை நானே வளைத்து வரைந்திருந்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டான். பார்த்தான். "எல்லாம் நேரா இருக்குக்கா" என்றான்.

"நல்லா பாரு."

"நேராத்தான் இருக்கு."

எத்தனை வாரமாக அவன் தாளையே பார்க்காமல் சொன்னானோ தெரியாது. சுவரில் கிளப் பெயரை எழுதியிருந்தார்கள். இடது கண்ணால் படிக்கச் சொன்னேன். முழ நீள எழுத்து. 'எருக்க' வரைக்கும் வந்து நின்றுவிட்டான்.

"எப்பயிலேருந்து?"

"வெள்ளிக்கிழமையிலேருந்துக்கா. கோடெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்க மாதிரி ஆடுது."

அப்போது விசில் ஊதினார்கள். அவன் ஓடினான். நான் தடுக்கவில்லை. கேலரிக்குப் போய் உட்கார்ந்தேன். முப்பத்தோராவது நிமிஷம் அந்தக் கோல். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

ரெஜின் இரண்டு நாளாக போன் எடுக்கவில்லை. அறைக்குப் போனேன், பூட்டியிருக்கிறது. பிராக்டிஸுக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேராக கிரவுண்டில் இறங்கலாம் என்று பார்க்கிறான்.

மார்ச் 15, புதன்

அரை நாள் லீவு போட்டேன். யூசுப் பாய் கடைக்கு குபேந்திரனையும் வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். குபேந்திரன் முதலில் நம்பவில்லை, பிறகு கோபம் வந்தது. "நாலு நாள் சிஸ்டர்! ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டம். அத்த ஆடிட்டுப் போவட்டுமே!"

"நாலு நாள்ல கண்ணு முழுசா போயிடும்."

கடை வாசலில் போய் நின்றுகொண்டு திரும்பி வந்தார். இப்போது குரல் இறங்கியிருந்தது. "ஒங்களுக்கு எத்தினி நாளா தெரியும்?"

"ஒரு மாசம்" என்றேன்.

ஜனவரி 29-ஆம் தேதிப் பக்கம் இதே நோட்டில்தான் இருக்கிறது.

மார்ச் 16, வியாழன்

காலை ஐந்தரைக்கே குபேந்திரன் ஆட்டோவை ரெஜின் அறை வாசலில் போட்டுக் காத்திருந்தார். நானும் பாயும் பின் சீட்டில். ஆறு மணிக்கு அவன் பால் வாங்க வெளியே வந்தான். எங்களைப் பார்த்ததும் திரும்பி நடந்தான். குபேந்திரன் இறங்கிப்போய் வழியை மறித்தார்.

"விடுங்கண்ணே. ஒரு மேட்ச்சுதான். டிரா பண்ணிட்டு வந்துடுதேன். ஒங்களுக்காகவும்தான் ஆடுதேன்."

"எங்களுக்காக ஆடாத. மூணாவது டிவிஷன் போனா அங்கயும் வந்து குந்திக்கினு கத்துவோம். எங்களுக்கு வேற இன்னா வேல? ஆனா ஒங்கண்ண எடுத்துக் குடுத்துத்தான் நான் இங்க ரெண்டாவது டிவிஷன் பாக்கணும்னு இல்ல. எனக்கு வேணாம்டா அது."

"வேலை போயிடும்ணே."

"போவட்டும். ஏறு."

ரெஜின் என்னைப் பார்த்தான். "நீங்க சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க" என்றான். பிறகு ஏறினான். பால் பாக்கெட் ஆஸ்பத்திரி வரை அவன் கையிலேயே இருந்தது.

டாக்டர் சுகந்தி பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். "நடுவுக்கு வந்து அஞ்சாறு நாள் இருக்கும். நாளைக்குக் காலைல முதல் கேஸ்." பிறகு என்னைத் தனியாகப் பார்த்து, "சொந்தக்காரப் பையன்?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மார்ச் 5 அன்று தாள் பார்த்திருந்தால்? எட்டாம் தேதி உண்மையைச் சொல்லியிருந்தால்? அப்போது நடுவுக்கு வரவில்லை.

மார்ச் 17, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. இரண்டரை மணி நேரம். ஒட்டியிருக்கிறது என்றார்கள். எவ்வளவு தெரியும் என்பது போகப்போகத்தான். யூசுப் பாய் ஜும்மாவுக்குப் போய்விட்டு பிரியாணியோடு வந்தார். யாரும் சாப்பிடவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

0-1. எண்பத்து நாலாவது நிமிஷம். மூன்றாம் டிவிஷன்.

ரெஜினுக்குப் பதிலாக இறங்கியவன் ஒரு டிஃபெண்டர், பாவம், ஓடி ஓடி வாயில் நுரை தள்ளிவிட்டது. விசில் ஊதியதும் ஆட்டக்காரர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பின் வரிசையிலிருந்து ஒருவர், "நாலு நாள் கழிச்சு சொல்லக்கூடாதாம்மா? அவசரப்பட்டுட்டியே!" என்றார்.

குபேந்திரன் எழுந்து அவரை அடிக்கப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவசரப்பட்டேனாம்.

மார்ச் 24, வெள்ளி

கட்டுப் பிரித்தாயிற்று. வார்டுக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆரஞ்சு வைத்துவிட்டு வந்தேன். யூசுப் பாயோடு நன்றாகப் பேசுகிறானாம்.

ஏப்ரல் 3, திங்கள்

இன்றுதான் செலக்‌ஷன். அவன் போகவில்லை. ஆறு மாதம் ஓடக்கூடாது, தலையில் பந்து படக்கூடாது, எடை தூக்கக்கூடாது. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். குபேந்திரன் தினமும் ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

ஏப்ரல் 5, புதன்

ஈஸ்டருக்கு ரெஜின் ஊருக்குப் போகிறான். எழும்பூரில் சாயங்கால ரயில். அதற்கு முன்னால் செக்கப். இடது கண்ணில் மூன்று வரி படித்தான், நாலாவதில் திணறினான். ஓரத்து நிழல் போய்விட்டதாம். நடு மட்டும் மங்கல். இன்னும் கொஞ்சம் தெளியலாம், முழுக்கத் தெளியாது என்று டாக்டரே அவனிடம் சொன்னார். கேட்டுக்கொண்டான்.

குபேந்திரன் ஆட்டோவில் நானும் போனேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. குபேந்திரன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது பிளாட்பாரப் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"பிப்ரவரியிலேயே குபேந்திரன் அண்ணன்ட்ட சொல்லியிருந்தா, அன்னைக்கே என்னத் தூக்கிட்டுப் போயிருப்பாரு இல்லியாக்கா?"

"போயிருப்பாரு."

"முழுசா தெரிஞ்சிருக்கும்."

"ஆமா."

"நான் கெஞ்சுனேன். அது சரி. நீங்க ஏன் சொல்லல?"

அவன் அப்பாவின் மூச்சுத் தொந்தரவையும் தங்கைகளையும் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அவனும் அதை ஒத்துக்கொண்டிருப்பான்.

"நீ கோல் போட்டுக்கிட்டு இருந்த. நான் சொன்னது ஜெயிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதான்" என்றேன்.

பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன்.

"எந்தக் கோலு உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பிப்ரவரி பத்தொன்பது, ரெண்டாவது கோல். இடது பக்கத்துலேருந்து தரையோட வந்துச்சே. பாக்காமலே ஒரு தட்டு. கோல்கீப்பர் அசையக்கூட இல்ல."

"பாக்கலக்கா. நெசமாவே தெரியல. பந்தத் தட்டிவிட்ட பையன் 'ரெஜினே'ன்னு கத்துனான். சத்தம் வந்த பக்கம் கால நீட்டுனேன். பட்டுது." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். "எல்லாரும் எம்மேல விழுந்து கட்டிப் பிடிக்காங்க, கோலா இல்லையான்னுகூட எனக்குத் தெரியல."

ரயில் வந்தது. பையை நான் தூக்கினேன். ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, குபேந்திரன் நீட்டிய பாட்டிலை வாங்கிக்கொண்டான். அடுத்த செக்கப் மே மாதம் பத்தாம் தேதி. "வந்துடுவேன்" என்று இருவரையும் பார்த்துச் சொன்னான்.

திரும்பும்போது யானைகவுனியில் ஒரே டிராஃபிக். குபேந்திரன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இன்னா சிஸ்டர், பேசிக்கினீங்களா?" என்றார்.

"ம். ஆட்டத்தப் பத்தி" என்றேன்.